இரண்டாம் முறை கேட்பார்கள் என்று

விடுதிக்குச் சமைக்க ஒரு பெண் தேவையாம் என்று பக்கத்து வீட்டு ராத்தாதான் வந்து சொன்னார். துறைமுகப் பக்கத்துக் கந்தோர்களிலும் கடைகளிலும் வேலை செய்கிற பெண்பிள்ளைகள் தங்கும் விடுதி. முன்பு சமைத்த அம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டதாம்.

"உங்கட பேரைக் குடுத்திட்டன் அக்கா. புதன்கிழமை நேர்முகப் பரீட்சையாம்" என்றார், சந்தையில் மீன் மலிவு என்று சொல்வதுபோல.

பரீட்சை என்ற சொல்லே எனக்குப் போதும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது அந்தப் பயத்தையும் அங்கேயே விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று பின்னேரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

ஆனால் வேண்டாம் என்று விடவும் ஏலாது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு, வவுனியாவில் இருக்கும் மகன் தன்னோடு வந்து இருக்கும்படி கேட்டபடியே இருந்தான். நல்ல பிள்ளை. மருமகளும் நல்லவள்தான். அங்கே போனால் என்னைக் குசினிக்குள் விடமாட்டாள். "நீங்கள் இருங்கோ மாமி" என்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் கதிரையைக் காட்டுவாள். போன தடவை ஒரு கிழமை அந்தக் கதிரையில் இருந்துவிட்டு வந்தேன். என் கைகள் இரண்டும் மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்போலக் கிடந்தன. கடைசியாக மகன் சொன்னது இதுதான்: "சரி அம்மா, ஒரு வேலை கிடைச்சா அங்கயே இருங்கோ. இல்லாட்டி மாசம் முடிய நான் வந்து கூட்டிக்கொண்டு வருவன்."

ராத்தா என்றால் அக்காதான், ஆனால் அவர் என்னைவிட இளையவர். தெருவே ராத்தா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். வாய்க்குப் பூட்டு இல்லை. அவரே எனக்குப் பரீட்சை வைத்தார். தன் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலுக்கு மேல் கால் போட்டு இருந்தார்.

"சமைக்கத் தெரியுமா?"

"ஏதோ, கொஞ்சம்."

"கொஞ்சமா? அப்ப கொஞ்சம் பேருக்குச் சமைச்சுப் போட்டு மத்தவங்களைப் பட்டினி போடுவீங்களா?"

"பெரிசா ஒண்டும் தெரியாது ராத்தா. எங்கட வாயால நாங்களே எப்பிடிச் சொல்றது?"

"வேற யார்ர வாயால சொல்ற? நானும் கூட வந்து கத்தவா? தெரியும் எண்டு சொல்லுங்க அக்கா. சொன்னா நாக்கு தேயாது."

கோவில் அன்னதானத்துக்குக் கிடாரம் கிடாரமாகச் சமைத்திருக்கிறேன். ஆனால் எப்போதும் புகைக்குப் பின்னால் நின்றவள் நான். சாப்பிட்டவர்கள் யார் சமையல் என்று கேட்டால் வேறு யாராவது முன்னுக்குப் போவார்கள். எனக்கும் அதுதான் வசதி.

புதன்கிழமை விடியவே எழும்பி, சாம்பல் நிறச் சேலையை உடுத்தி, அவிழ்த்து, திரும்ப உடுத்தினேன். அடையாள அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, வைத்தேனோ என்று வழியில் நின்று நின்று பார்த்தேன். மதிலோரம், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாழைப்பழத்தோலை மென்றபடி என்னையே பார்த்தது. "தெரியும், தெரியும்" என்று நான் முணுமுணுத்துக்கொண்டு போனது அதற்கும் கேட்டிருக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதிய சத்தத்துக்குத் திடுக்கிட்டுவிட்டேன். எத்தனை வருடமாகக் கேட்ட சத்தம்!

விடுதியின் முன்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். விடுதியை நடத்துகிற மிஸ், அவருடைய தம்பி, அங்கே தங்கும் பிள்ளைகள் சார்பில் ஒருத்தி. அவள் வெருகல் பக்கத்துப் பிள்ளை என்று மிஸ் சொன்னார். என்னை இருக்கச் சொன்னார்கள். கதிரையின் நுனியில்தான் இருந்தேன்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ அம்மா?" என்று மிஸ் கேட்டார். தட்டில் கோப்பை ஆவி பறக்க வந்துவிட்டது.

வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. "வேண்டாம் மிஸ், இப்பதான் குடிச்சனான்" என்றேன்.

எங்கள் ஆட்களிடம் அப்படித்தான். யார் வீட்டில் எதைத் தந்தாலும் முதலில் வேண்டாம் என்போம். கொடுப்பவர் விடமாட்டார், இரண்டாம் முறை கேட்பார். அப்போது வாங்கினால் சாப்பாட்டுக்கு அலைந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகனையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனால் மிஸ் "சரி" என்றார். கோப்பை வந்த வழியே போய்விட்டது. நான் அதன் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலேயே பாதி தைரியம் போய்விட்டது. "சமையல் எப்பிடி, நல்லாச் செய்வீங்களோ?" என்று தம்பி கேட்டார்.

"பெரிசா ஒண்டும்..." என்று வாய் தானாகவே தொடங்கிவிட்டது. மிஸ் தம்பியின் முகத்தைப் பார்த்தார். இவர்களும் இரண்டாம் முறை கேட்கப்போவதில்லை என்று எனக்கு விளங்கியது.

"இல்லை" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "தெரியும். சோறு, கறி, பிட்டு, இடியப்பம் எல்லாம் செய்வன். கோவிலில கனபேருக்குச் சமைச்சனான். கதைக்கத்தான் வராது."

மிஸ் சிரித்தார். "கதைக்கிறதுக்கு இங்க பிள்ளையள் போதும்."

அந்தப் பிள்ளை அதுவரை பேசாமல் இருந்தவள், "நான் ஒண்டு கேக்கட்டோ அம்மா?" என்றாள். "சில நாள் எங்களுக்கு வேலை முடியப் பிந்தும். கதவு பூட்டின பிறகு வந்தா என்ன செய்வீங்கள்?"

இதை ராத்தா சொல்லித் தரவில்லை. யோசிக்கவும் நேரம் இல்லை.

"திறப்பன்."

"அவ்வளவுதானோ?"

"சாப்பிட்டாச்சோ எண்டு கேப்பன்."

"ஏன் பிந்தினது எண்டு கேக்கமாட்டீங்களோ?"

"கேப்பன். சாப்பிட்டு முடிய."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி, "முதல் இருந்தவ படலையிலயே விசாரணை வைப்பா" என்று சொல்ல, மிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் சொன்னது சரியா பிழையா என்று தெரியாமல் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மிஸ், "அப்ப அம்மா, திங்கக்கிழமையில இருந்து வர ஏலுமோ? தூரமெண்டா, கரைச்சலெண்டா..." என்று இழுத்தார்.

இல்லை மிஸ், வேற ஆரையும் பாருங்கோ, எனக்கென்ன என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. வாழ்நாள் பழக்கம். அந்தக் கோப்பை போன வாசலைப் பார்த்தேன்.

"ஓம். வருவன்" என்றேன். அவர் சொல்லி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்தபோது ராத்தா படலையில் நின்றார். விஷயத்தைக் கேட்டதும், "அல்ஹம்துலில்லாஹ்! சம்பளம் எவ்வளவாம்?" என்றார்.

"கேக்கேல்லை."

"கேக்கல்லையா? தெரியும் எண்டு சொல்ல மட்டும்தானா படிச்ச நீங்க!" தலையில் அடித்துக்கொண்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார். முதல் முறையே வாங்கிக் குடித்தேன்.

பிறகு மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நேர்முகப் பரீட்சையைவிட இதுதான் எனக்குப் பயம். வேலை கிடைத்ததைச் சொன்னேன்.

"சந்தோசம் அம்மா" என்றான். "அப்ப இங்க வரேல்லையோ?"

"இல்லை அப்பு. வேண்டாம்."

என் பிள்ளையல்லவா. இரண்டாம் முறையும் கேட்டான்.

"உண்மையா வேண்டாமோ அம்மா?"

இரண்டாம் முறை யாருக்கும் நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

"உண்மையா வேண்டாம்" என்றேன்.