பின்னால் நகர்ந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு பாக்ஸிங் போட்டிக்குப் போயிருந்தேன். எனக்கும் பாக்ஸிங்குக்கும் என்ன சம்பந்தம்? தங்கை மகள் நித்யா மோதினாள். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா?

நித்யாவுக்கு இருபத்திரண்டு வயது. முடிச்சூரில் வீடு. ஜெயித்தால் மாநில அணி. அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு முயற்சி செய்யலாம். தோற்றால் இந்த வருஷத்தோடு கிளவுஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

எதிராளி குட்டையான பெண். தலையைக் குனிந்துகொண்டு, நேராக உள்ளே புகுந்து அடிக்கிற ரகம். நித்யா உயரம், கையும் நீளம். கிட்டே விடாமல் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தாள். அந்தப் பெண் பாய்கிற நேரம் பார்த்து ஒரு குத்து... மறுபடி விலகல். முதல் இரண்டு ரவுண்டும் இப்படியே போயின.

"இன்னாப்பா, இந்தப் பொண்ணு ஓடிக்கினே கீது" என்றார் பக்கத்து சீட்காரர். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

பின்வாங்கினால் அது புறமுதுகு — நமக்கு வேறு அர்த்தம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பஸ்ஸில் தகராறு வந்தால் ஒதுங்கிப் போகிறவன் கோழை. முட்டி மோதிச் சட்டையைக் கிழித்துக்கொண்டவன் வீரன். பேங்க் க்யூவில்கூடச் சண்டை போடுகிற நானும் அந்த ரகம்தான்.

மூன்றாவது ரவுண்டு. அதுதான் கடைசி. எழுந்து நின்று கத்தினேன்.

"ஏன்டி ஓடுறே? நின்னு அடி!"

நின்றாள். அடித்தாள். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் நீளமான கை எதற்கு ஆகும்? குட்டைப் பெண் காத்திருந்ததே அதற்குத்தானே? தாடையில் இரண்டு குத்து விழுந்தது. ரெஃப்ரி நடுவில் புகுந்து, அவள் தேறுகிறாளா என்று பார்க்க எட்டு வரை எண்ணினார். அப்புறம் நித்யாவின் கால்கள் பழையபடி நகரவே இல்லை. இன்னொரு குத்து விழ, இரண்டாவது முறை எண்ணியவர், போட்டியை நிறுத்தி அந்தப் பெண்ணின் கையை உயர்த்திவிட்டார்.

பைக்கில் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கன்னம் வீங்கியிருந்தது. அந்தப் பொண்ணு ரொம்ப முரடு, யாராக இருந்தாலும் கஷ்டம்தான் என்று ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிச்சூர் ரோட்டில் திரும்பும்போதுதான் அவள் பேசினாள்.

"இல்ல மாமா. ரெண்டு ரவுண்டும் நான்தான் லீடிங். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. கடைசி வரைக்கும் தள்ளியே நில்லுன்னுதான் கோச் சொன்னாரு... உங்க குரல் கேட்டுச்சு. நான் ஆடுறது உங்களுக்கு அவமானமா இருக்குன்னு தோணிடுச்சு."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது. பத்திரிகையில் ஊர் நியாயமெல்லாம் எழுதுகிறவனுக்கு, மன்னிச்சுக்கோ என்ற ஒரு வார்த்தை வரவில்லை. அவளே, "போலாம் மாமா, அம்மா காத்துட்டிருப்பாங்க" என்றாள்.

எதிராளியின் ஸ்டைலை நித்யா சமாளித்துவிட்டாள். என் ஸ்டைலைத்தான் அவளால் சமாளிக்க முடியவில்லை.