வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சு

எங்கள் பல்கலைக்கழகத்தில் எங்கே மரம், எங்கே நடைபாதை, எங்கே உட்காரும் இடம் என்று படம் போடுகிறவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. கட்டடப் பிரிவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவர் படம் போடுமுன், எந்த இடத்தில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணி வருவது என் வேலை. நாற்பது நாள் பரீட்சை அட்டையும் பேனாவுமாக வெயிலில் அலைவேன். காதல் ஜோடிகளை ‘இருவர், நீண்ட நேரம்’ என்று எழுதிய புண்ணியம் எனக்கு உண்டு.

அக்கா கறார் பேர்வழி. தோட்டக்காரர், காவலாளி, ஆய்வக உதவியாளர் என்று வேலை பார்க்கிறவர்கள் யாரையும் எண்ணக் கூடாது என்பது அவர் போட்ட விதி. "சம்பளம் வாங்குறவங்க எங்க வேணா உக்காருவாங்க. படிக்க வர்ற பிள்ளைங்களுக்குத்தான் இடம்" என்பார்.

அவர் கணவர் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்டு பெஞ்சு. பதினாறு வருஷம் தினமும் ஒரு மணிக்கு இருவரும் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். போன வருஷம் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். மூன்றாம் வாரம் அக்கா வேலைக்கு வந்தார். அழவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். ஒரு மணியானால் டப்பாவோடு அதே பெஞ்சுக்குப் போவார், இரண்டுக்குத் திரும்புவார்.

இந்த வருஷம் புது உத்தரவு வந்தது. யாரும் உட்காராத இடங்களை இடித்துவிட்டு சைக்கிள் நிறுத்தம் கட்ட வேண்டுமாம். அந்தப் பெஞ்சுப் பக்கம் ஒரு மாணவன்கூட எட்டிப் பார்ப்பதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் நாற்றம் குடலைப் பிடுங்கும். நான் துணிந்து ஒரு காரியம் செய்தேன். நாற்பது நாளும் அந்த இடத்துக்கு நேரே ‘ஒருவர், ஒரு மணி நேரம்’ என்று எழுதி வைத்தேன். தினமும் ஆள் வருகிற இடத்தில் கை வைக்க மாட்டார்கள்.

அக்கா தாள்களைப் புரட்டினார்.

"இது யாரு?"

"யாரோ ஒருத்தர். தினம் வர்றாங்க."

"நான்தானே?"

"நீங்களாவே இருக்கட்டும். நீங்க ஆள் இல்லையா?"

அக்கா ஸ்கேலை வைத்து நாற்பது வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஒரு கோடும் கோணவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"மனசு என்ன கல்லாக்கா உங்களுக்கு?"

"தெரியல. எதுவுமே தோணல."

வீம்புக்கு அலமாரியைக் குடைந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எண்ணிய பழைய தாள்களில் ‘இருவர்’ என்று எங்காவது இருந்தால், மேலதிகாரியிடம் காட்டிச் சண்டை போடலாமே. அந்தப் பதினாறு வருஷத்தில் மூன்று முறை எண்ணியிருக்கிறார்கள். மூன்றிலும் அந்த இடத்துக்கு நேரே பூஜ்யம். விதியை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

தாள்களைக் கொண்டுபோய் அவர் மேசையில் போட்டேன்.

"பாருங்க. மாமா அங்க உக்காரவே இல்லையாம்."

மூன்று தாளையும் நிதானமாகப் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "அவர எண்ண வேணாம்னு சொன்னது நான்தான்" என்றார்.

அக்கா சைக்கிள் நிறுத்தப் படத்தை விரித்து, பெஞ்சு இருக்கும் இடத்தில் ஸ்கேலை வைத்தார். ஐந்து மணி வரைக்கும் கோடு போடவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் போட்டார்.