படகில் போனது கணக்கில் இல்லை

ஷார்ஜாவில் படித்த நான்கு வருடமும் என் பையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று, கல்லூரி எடுத்துக் கொடுத்த மாணவர் விசா அட்டை. இன்னொன்று, அப்பாவின் விசாவை ஒட்டி ஓமன் கொடுத்த ரெசிடென்ட் கார்டு. நான் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, அம்மை வந்து படுத்தது எல்லாம் மஸ்கட்டில், ரூவியில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த மூன்றாம் மாடி வீட்டில்தான். அப்படிப்பட்ட என்னைக் கல்லூரி ஃபைலில் ‘வெளிநாட்டு மாணவி’ என்று எழுதினார்கள். எந்த நாட்டுக்கு வெளியே என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆறு மாதத்துக்கு மேல் ஓமனுக்கு வெளியே இருந்தால் அந்தக் கார்டு செத்துவிடும். அதனால் ஐந்து மாதம் தாண்டியதும் காலை பஸ் பிடித்து மஸ்கட் போய் வருவேன். எங்கள் வீட்டில் இதற்கு ‘தொட்டுட்டு வர்றது’ என்று பெயர். சூப்பர் மார்க்கெட்டில் ஓசியில் கொடுத்த காலண்டரில் அப்பா கடைசித் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டு வைப்பார். அம்மா நான் வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே இட்லிக்கு ஊறப்போட்டுவிடுவாள்.

கார்டின் மேல் எங்களுக்கு அப்படி என்ன பிரியம் என்றால், பயம்தான். படிப்பு முடிந்தால் மாணவர் விசாவும் முடிந்துவிடும். நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு ஷார்ஜாவிலேயே இருக்கத் தரும் பத்து வருட விசா கிடைத்தால் பிழைத்தேன். இல்லையென்றால் ஓமன் கார்டு. அதுவும் இல்லையென்றால் திருச்சி. திருச்சியில் சித்தப்பா இருக்கிறார், தங்கமான மனிதர். ஆனால் அந்த ஊரை நான் ஜூலை மாதத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா அம்மாவிடமிருந்து ஆறு மணி நேர பஸ் தூரத்துக்கு அப்பால் என்னை யாரும் தள்ளிவிடக் கூடாது.

நான்காம் வருடம் ஜனவரியில், வகுப்புப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து திப்பாவுக்குப் போனோம். அங்கே எல்லையைத் தாண்டினால் ஓமனின் முசந்தம். மரப்படகில் ஏற்றி மலைகளுக்கு நடுவே கூட்டிப்போவார்கள். பாஸ்போர்ட் நகலைப் படகுக்காரர் முன்பே வாங்கியிருந்தார். சோதனைச் சாவடியில் ஒரு காவலர் பட்டியலில் எங்கள் பெயர்களை டிக் அடித்துவிட்டுக் கையை ஆட்டினார், அவ்வளவுதான்.

அந்த நாளை நான் கண்டேனா, கனவு கண்டேனா என்று இன்றைக்கும் சந்தேகம் வரும். மலைகள் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நின்றன. மரம் இல்லை, புல் இல்லை, வீடு இல்லை. வெயில் இருந்தும் சுடவில்லை. எஞ்சினை நிறுத்தியதும் பேச்சும் தானாக நின்றுபோனது. படகின் ஓரத்தில் உட்கார்ந்து கால்களை முழங்கால் வரை தண்ணீரில் விட்டேன். பச்சைத் தண்ணீருக்குள் என் கால்கள் வேறு யாருடையவோ மாதிரி வெளுத்துத் தெரிந்தன. இது ஓமன் கடல், என் கடல் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் ரூவி வீட்டு மாடிப்படி தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

திரும்பி வந்ததும் அப்பாவுக்கு போன் போட்டேன். “அப்பா, ஓமனைத் தொட்டுட்டேன். இனிமே ஜனவரியிலேர்ந்து எண்ணிக்கலாம்.”

“படகுல போனதெல்லாம் சேத்துக்குவானா பாப்பா?” என்றார்.

“பாஸ்போர்ட் காப்பி குடுத்தேன், போலீஸ் டிக் அடிச்சார். வேற என்ன வேணும்?”

மார்ச்சில் இருந்த வட்டத்தை அப்பா அடித்துவிட்டு ஜூலையில் போட்டார். முப்பது வருடம் வளைகுடாவில் குப்பை கொட்டியவர், நான் சொன்னதை நம்பினார். படித்த பெண் சொல்கிறாளே என்ற நம்பிக்கை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போதாது என்று அவர் கையாலும் போட வைத்தேன்.

மே மாதம் பஸ்ஸில் போனேன். எல்லையில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அதிகாரி என் கார்டை மிஷினில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“சிக்ஸ் மந்த் கலாஸ்,” என்றார். ஆறு மாதம் முடிந்துவிட்டது, கார்டு செத்துவிட்டது.

ஜனவரியில் வந்தேனே என்றேன். படகைச் சொன்னேன், மலையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “சீல் மாஃபி,” சீல் இல்லை என்று பாஸ்போர்ட்டின் வெற்றுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். போகிற போக்கில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் கணினியில் எந்தப் பதிவும் இல்லையாம். வேண்டுமானால் விசிட்டராகப் போகலாம், பதினான்கு நாள். படிவத்தில் ‘ஹோட்டல் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எங்கள் வீட்டு முகவரியை எழுதினேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “பட்டணம் போய்ப் படிச்ச லட்சணம் இதுதானா?” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்பா என்னைத் திட்டவே இல்லை. “தப்பு எம்மேலதான். நான் ஆபீஸ்ல நாலு பேரைக் கேட்டிருக்கணும்,” என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பதினான்கு நாளில் நாலு நாள்தான் இருந்தேன். பரீட்சை இருந்தது. மேலும், சொந்த வீட்டில் நாள் எண்ணிக்கொண்டு உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பேய் மாதிரிப் படித்தேன். மார்க் வந்தது, வேண்டியதைவிட ஒரு மயிரிழை அதிகம். கல்லூரி கடிதம் கொடுத்தது. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். மாணவர் விசா ரத்தாகி, புதியது வராத அந்த வாரங்களில் நான் எந்த நாட்டிலும் இல்லை. காலையில் எழுந்து ஷார்ஜாவின் உப்பங்கழி ஓரமாக நடப்பேன். வெள்ளையாகப் புழுக்கம் கவிந்திருக்கும், எதிர்க்கரைக் கட்டடங்களுக்கு அடிப்பாகம் தெரியாது. எந்த வாசலிலும் யாரும் என்னை நிறுத்தப் போவதில்லை என்பது போல ஒரு மிதப்பு. மதியம் அது இறங்கிவிடும், செய்தி வந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா தினமும் டியூட்டி முடிந்ததும் கூப்பிட்டு, விசாவைப் பற்றிக் கேட்காமல், “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்பார்.

செய்தி வந்தபோது ஏசி போட்ட பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து வருடம். மூன்று பஸ்களை விட்டுவிட்டு அந்த ஒரு வரியையே படித்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன்.

“கெடச்சிருச்சுப்பா. பத்து வருஷம்.”

அவர் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “பத்தா? எனக்கு ரெண்டு ரெண்டு வருஷமாத்தான் குடுத்தான்,” என்றார்.

“இதுல ஆறு மாசக் கணக்கும் இல்லப்பா. எத்தனை நாள் வெளிய இருந்தாலும் கேன்சல் ஆகாது.”

“நெசமாவா?”

“நெசமா.”

அம்மாவிடம் அவர் திரும்பிச் சொல்வதும் அவள் ஏதோ கேட்பதும் கேட்டது. மறுபடி போனில் வந்தபோது அவர் குரல் அடியோடு மாறியிருந்தது. அப்படிக் குதூகலமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“அப்பறம் என்ன பாப்பா, யாரைக் கேக்கணும்? நாளைக்கே பஸ் ஏறு. ஒரு ஆறு மாசம் நம்ம வீட்ல வந்து நிம்மதியா இரு.”

இது ஓமன் விசா இல்லை, அங்கே நான் பதினான்கு நாள் விசிட்டர்தான் என்பதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை. “சரிப்பா,” என்றேன்.