ஜெரூஷாவின் பதினெட்டு கைகள்

லீவு சாங்க்‌ஷன் ஆன அன்றைக்கே ஜெரூஷாவுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. மே மாதம், செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள், ஏற்காடு. ஃபிரெடி சேலத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்து, அதை மேஜையில் வைத்துத் தண்ணீர் ஜக்கால் அழுத்திவிட்டுப் போனான். பத்து வயது சுஜி அதை எடுத்துப் பார்த்தாள்.

"மம்மிக்கும் சேர்த்தா டாடி எடுத்தீங்க?"

குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கொடைக்கானல் பெட்டியைக் கட்டி முடித்த ராத்திரி ஜெரூஷா வரமுடியாது என்றாள். போன வருஷம் அப்பாவும் பெண்ணும் மட்டும் முதுமலை போய்வந்தார்கள். இந்த முறை சுஜி பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கவே சொல்லவில்லை. ஜெரூஷாவைக் குத்தியது அதுதான்.

குரோம்பேட்டையில் ஒரு சின்ன மருத்துவமனை. அதன் இரண்டாவது மாடியில் பதினாலு வருஷமாக அவளுக்கு டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை. கிழக்குத் தாம்பரத்து வீட்டில் மாவை அரைத்து, குழம்பைக் கூட்டிவைத்துவிட்டு, ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்தால் ஆறரைக்கு முதல் ஊசி. காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி இல்லை, கோணி ஊசி பருமன் இருக்கும். ஒருவருக்கு இரண்டு. ஒன்று ரத்தத்தை மெஷினுக்கு எடுக்கும், இன்னொன்று சுத்தமான ரத்தத்தைத் திரும்ப அனுப்பும். அதற்கென்றே கையில் ஒரு நரம்பை ஆபரேஷன் செய்து பெரிதாக்கியிருப்பார்கள். விரல் வைத்தால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி கிர்ரென்று அதிரும். தப்பாகக் குத்தினால் நரம்பு கிழிந்து கை புடைத்துவிடும். நேரம் சரியில்லையென்றால் நரம்பே அடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் கெட்டுப்போய் அவளிடம் முறைவைத்து வரும் பதினெட்டுப் பேரும் உயிரோடு இருப்பது அந்த ஒரு நரம்பை நம்பித்தான்.

அவர்களில் குப்புராஜ் வேறு யாரையும் ஊசி போட விடமாட்டார். தாம்பரம் வேளச்சேரி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர், ஐம்பத்தாறு வயது. வலது கை நரம்பு வேறொரு ஆஸ்பத்திரியில் ஊசி தப்பி அடைத்துப்போனது. மிச்சம் இருப்பது இடது கை மட்டும், அதிலும் முழங்கைக்கு மேலே நரம்பு திடுமென்று உள்பக்கம் வளைந்துகொள்ளும். வளைவு எங்கே என்று ஜெரூஷாவின் விரலுக்குத் தெரியும். செவ்வாய், வியாழன், சனி, பதினோரு மணிக்கு அவர் முறை.

லீவு விஷயத்தை அவரிடம் சொல்ல அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருவத்தஞ்சு வருசம் வண்டி ஓட்டிகினு இருந்தேன், ஒரு நாளு லீவு போடல சிஸ்டர். இப்ப ரெண்டு நாளுக்கு மேல எங்கியும் போவ முடியாத மாரி கட்டிப் போட்டுச்சி இந்த மெசினு. நீயாவது போய்ட்டு வா. எனக்கும் சேத்துப் பாத்துகினு வா."

அதன் பிறகு தலைவலி அதிகமானதே தவிர குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் ஒரு நூறு பக்க நோட்டை விரித்தாள். சுஜியின் கலர் பென்சில்களைக் கேட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு கைகளை வரைந்தாள். நரம்பு நீலம், குத்தவேண்டிய இடம் சிவப்பு, தொடக்கூடாத இடம் கறுப்பு. ஓரத்தில் குறிப்புகள். இவருக்கு ஜன்னல் பக்கம் நின்று குத்தணும். இந்த அம்மாவிடம் பேரன் என்ன படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டே குத்தினால் தெரியாது. குப்புராஜுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஆனது. கடைசியில் எழுதினாள்: புடைத்தால் பிடிவாதம் பிடிக்காதே. எடு, அழுத்து, டாக்டரைக் கூப்பிடு. ஐஸ் வைத்தபின், டாக்டர் சரி என்றால், இரண்டு விரல் மேலே போ.

"கை எல்லாம் ஒரே மாதிரி இருக்கு மம்மி," என்றாள் சுஜி.

"இல்ல கண்ணு, நல்லாப் பாரு."

நோட்டை ஏஞ்சலிடம் கொடுத்தாள். சேர்ந்து நாலு மாதம் ஆன பெண், பொறுமையான கை. ஆனால் குத்துகிற நேரத்தில் லேசாக நடுங்கும். எதற்கு நடுங்குகிறது என்று ஜெரூஷா கேட்டதற்கு அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க பக்கத்துல நின்னாத்தான்க்கா நடுங்குது."

ஜெரூஷா அதை அவ்வளவாக நம்பவில்லை.

திங்கள் ராத்திரி ரயில் ஏறினார்கள். ஃபிரெடி அவளுடைய போனை வாங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டான். செவ்வாய் பதினொன்றரைக்கு ஏற்காடு ஏரிக்கரையில் படகு டிக்கெட்டுக்கு அப்பாவும் பெண்ணும் வரிசையில் நிற்க, பையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவளிடமே கொடுத்தான். அவன் கவனம் அவ்வளவுதான். போனை எடுத்துப் பார்த்தாள். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கூப்பிடக்கூட முடியாத அளவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? குப்புராஜின் நம்பரையே போட்டாள்.

"இன்னா சிஸ்டர், அதுக்குள்ள போரடிச்சிப் பூட்சா ஏற்காடு?"

ஊசி போட்டாயிற்றா என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஒன்ன விட சூப்பரா குத்துது. எறும்பு கடிச்ச மாரிகூட இல்ல. நீ போன வெச்சிட்டுப் பாப்பாவ போட்டுல ஏத்து."

போனைப் பைக்குள் போட்டபோது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. ஒன்ன விட சூப்பரா! பிறகு படகில் சுஜிக்கு எதிரே உட்கார்ந்து பெடலை மிதித்தாள். சுஜி விடாமல் பேசினாள், பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம், இரண்டு வருஷத்துக் கதை. மத்தியானம் படுத்தவள் சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். சனிக்கிழமை வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. இன்று குப்புராஜின் நாள் என்று ராத்திரி சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த செவ்வாய் பதினோரு மணிக்குக் குப்புராஜ் வந்தார். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது, மனிதர் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் நின்றார். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவரை அரைக்கைச் சட்டை தவிர வேறு எதிலும் அவள் பார்த்ததில்லை. அவருடைய உப்பு போடாத குழம்புக்கு ஆகும் என்று ஏற்காட்டிலிருந்து வாங்கிவந்த மிளகுப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, இடது கைப் பொத்தானைக் கழற்றினாள்.

"நானே மடிச்சிக்கிறேன்," என்று அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அவள் விடவில்லை. முழங்கைக்கு மேலே, வளைவில், உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. நடுவில் நீலம் மங்கி, ஓரங்களில் பச்சையும் மஞ்சளும் ஓடியிருந்தன. ஒரு வாரத்துக் காயம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போன செவ்வாய்க்கிழமை. நான் போன் பண்ணப்பவா?"

குப்புராஜ் மிளகுப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஐஸ் வெச்சிகினு இருந்துச்சி அந்தப் பொண்ணு. கண்ணுல தண்ணியா ஊத்துது அதுக்கு. நாந்தான் மூச்சு காட்டாதன்னு கண்ணக் காட்னேன். சொல்லிருந்தா நீ இன்னா பண்ணிருப்ப? மலைய விட்டு எறங்கிருப்ப."

இறங்கித்தான் இருப்பாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏஞ்சல் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றாள். எழுதியிருந்தபடியே செய்ததாக, மெதுவாகச் சொன்னாள். எடுத்தாள், அழுத்தினாள், டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் பார்த்துச் சரி என்றதும் இரண்டு விரல் மேலே போனாள். வியாழனும் சனியும் ஒரே குத்தில் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் அவளே பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'என் தப்பு' என்று எழுதியிருந்தாள்.

ஜெரூஷா காயத்துக்கு மேலே விரலை வைத்தாள். கிர்ரென்று, ஒரு குறையும் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்தது நரம்பு. விரலை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு நோட்டை வாங்கி 'என் தப்பு' என்பதை ரப்பரால் அழித்தாள். பெருக்கல் குறியை மட்டும் விட்டுவைத்தாள், அந்த இடம் அடுத்த தடவைக்கு உதவும். ஊசி டிரேயை ஏஞ்சல் பக்கம் நகர்த்தினாள்.

"நீயே போடு. நான் கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

குப்புராஜ் கையை நீட்டிப் படுத்துக்கொண்டார். "பிஸ்கெட்டும் துன்னுட்டு வா சிஸ்டர். அவசரமே இல்ல."

மாடிப்படியின் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஜெரூஷா நின்றாள். மேலே யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஏஞ்சல் ஏதோ கேட்பதும், வேளச்சேரி ரூட்டில் ஒரு மழைநாளில் நடந்ததைக் குப்புராஜ் ஆரம்பிப்பதும் கேட்டது. அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம், முடிய பத்து நிமிஷம் ஆகும். கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு அவள் கீழே இறங்கினாள்.