றீட்டாவின் கணினி ஏன் மெதுவாக ஓடியது

அம்மா போன மாதம் இறந்தார். பெயர் றீட்டா. டச்பார் கரையில் இருந்த எங்கள் வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு தன்னாமுனையில் வாடகைக்கு இருந்து, இறந்தவர்களுக்கான நினைவு அட்டைகளைக் கணினியில் செய்துகொடுத்து வாழ்ந்தவர். பெரும்பாலும் கடல் தண்ணீரில் ஊறிய படங்களைத்தான் கொண்டுவருவார்கள். ஒரு முகத்தைத் துடைத்தெடுக்க அம்மா நாட்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

யுத்தம் முடிந்த வைகாசியில் நான் கொழும்பிலிருந்து வந்தேன். கணினி திருத்துவது என் தொழில். அப்போது அம்மாவிடம் இருந்தது வாழைச்சேனைக் கேதீஸ்வரியின் கணவனுடைய படம். கேதீஸ்வரியிடம் எஞ்சியது அந்த ஒன்றுதான். அதைத் திறந்து வேலை செய்தால் கணினி இறுகிவிடும், செய்த வேலையும் அழிந்துபோய்விடும். கேதீஸ்வரி ஏற்கெனவே வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

கணினிப் பெட்டி சுவரில் அடித்த பலகையில், கூரைத் தகரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. கடல் மறுபடி வந்தாலும் எட்டக்கூடாதென்று அம்மா வைத்த உயரம். வீடு கூட்டும் தும்புத்தடியால்தான் சுவிட்சை அமுக்குவார்.

தேவையற்ற மென்பொருள்களை நீக்கினேன். தொடங்கும்போதே தானாக ஓடுபவற்றை நிறுத்தினேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். காலையில் நன்றாக ஓடியது. மத்தியானம் மறுபடி இறுகியது.

"என்னகா, கொழும்பில படிச்ச படிப்பு மத்தியானத்தோட முடிஞ்சிட்டா?" என்றார் அம்மா.

ஏணியில் ஏறிப் பெட்டியைத் தொட்டேன். அப்பச்சட்டி போலச் சுட்டது. சூடேறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்.

"கீழ இறக்கினா சரி வரும். செலவே இல்ல."

"இறக்க ஏலாது மனே. கடல் உன்னட்டச் சொல்லிப்போட்டா வரும்?"

"இங்க வராதும்மா. நடுவில வாவி கிடக்கு."

"அங்கயும் வராதெண்டுதான் இருந்தம்."

மூடியைத் திறந்து தூசியை ஊதினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இறங்கிவந்து அவர் கையில் வைத்தேன்.

"இதென்ன, பிஸ்கட் பக்கற் மாதிரி?"

"படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு."

"எல்லாரும்?"

"ஓம், எல்லாரும்."

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பெட்டி கீழ கிடக்கட்டும். இதப் பூட்டிக் கழட்ட எனக்குக் காட்டு."

பெட்டியை மேசைக்கு இறக்கினேன். அந்த வாரமே கேதீஸ்வரியின் கணவனுக்கு முகம் வந்தது. அதன்பிறகு, வேலை முடிந்ததும் அம்மா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துவாய்த் துணியில் சுற்றி மேலே அந்தப் பலகையில் வைப்பார். காலையில் இறக்கிக் கணினியில் பூட்டுவார். சாகும்வரை அப்படித்தான் செய்தார்.