நனைந்த காலுறைகளும் அம்மாவின் ரோல்ஸும்

"இன்ஜினியரிங் படிச்ச பிள்ளை பாரிலை வயர் சுத்துறதோ?"

அப்பா இதைக் கேட்டபோது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில்தான் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் கத்தியைக் கீழே வைக்கமாட்டார். அப்பாவும் அம்மாவும் ஊரில் சண்டை நடந்த காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அந்தப் பட்டத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பக்கத்து நகரான லவாலில் லிப்ட் செய்யும் நிறுவனம் ஒன்று என்னைத் திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லியிருந்தது. அதற்குள், நான் தற்காலிகமாக வேலைசெய்த பாரில், மேடை ஒலியைக் கலந்து சீராக்கும் மிக்ஸர் எனக்கு நிரந்தரமாகக் கிடைத்தால் அங்கேயே இருப்பேன். கிடைக்காவிட்டால் லிப்ட்.

பாரின் முதலாளி, சிரிப்பதற்கு முன் யோசிக்கும் ஒரு கியூபெக் பெண்மணி, என்னைக் குளிரூட்டி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"வியாழக்கிழமை மாலை இங்கே யார் வாசிக்கிறார்கள் தெரியுமா?" என்று காதுக்குள் பிரெஞ்சில் சொன்னார். பெயரையும் சொன்னார். அரங்குகள் நிரம்பி வழியும் ராக் குழு அது. பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று அன்று சத்தியம் செய்தேன், இன்றும் சொல்லவில்லை.

பெரிய அரங்குகள் அலுத்துப்போய், வறுமையாய் இருந்த இளவயதில் போல ஒரு சின்ன இடத்தில் வாசிக்க அவர்களுக்கு ஆசை வந்திருந்தது. சொந்த ஒலிக்காரர் வேண்டாம், சொந்த ஒலிபெருக்கிகள் வேண்டாம், எல்லாம் பாரில் உள்ளபடியே போதும் என்றார்கள். வாசல் பலகையில் 'நனைந்த காலுறைகள்' என்று ஒரு பொய்ப்பெயர். அதைப் படித்த ஒருவர் முகத்தைச் சுளித்துவிட்டு எதிர்ப்பக்க பாருக்குப் போனார்.

"சத்தம் பிசகாமல் போனால் மிக்ஸர் உன்னுடையது," என்றார் முதலாளி. "வேலை செய்பவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிவரலாம். வாய் இறுக்கமானவர்களாக இருக்கவேண்டும்."

நான் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போனேன். உலகத்தில் எந்த ராக் குழுவையும் அடையாளம் தெரியாத இருவரிடம்தான் இரகசியம் பத்திரமாக இருக்கும் அல்லவா?

நான்கு மணிக்கே வந்துவிட்டார்கள். அப்பா மேடையைப் பார்த்தார். மேடை என்றால் ஒரு படி உயரம், நடுவில் ஒரு தூண். நரைத்த நாலு பேர் தங்கள் கிட்டார்களைத் தாங்களே தூக்கிவந்தார்கள். பாடகரின் கால் சப்பாத்தில் ஓட்டை.

"பாவங்கள்," என்றார் அப்பா. "இந்த வயசிலும் இப்பிடி அலையினம். வீட்டிலை ஒருத்தரும் இல்லைப்போலை."

"அப்பா, சத்தம்போடாதேங்கோ."

"அவைக்குத் தமிழ் தெரியுமே? முகத்தைப் பார், காலமையிலை இருந்து சாப்பிடேல்லை."

வறுமையாய் இருப்பதுபோல நடிக்க வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்காது. ஆனால் அப்பா நம்பினால் அம்மா சும்மா இருப்பாரா? எங்கள் கொண்டாட்டங்களில் வாத்தியக்காரருக்குத்தான் முதல் பந்தி. நான் வயர்களோடு குனிந்திருந்த நேரத்தில் அம்மா பையைத் திறந்து மட்டன் ரோல்ஸைப் பாடகரின் கையில் வைத்துவிட்டார்.

"சாப்பிடுங்கோ அண்ணை. வெறும் வயித்திலை பாடக்கூடாது."

அண்ணை இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதில் உறைப்பு பிடித்தது. ஒலிச் சோதனைக்கு மைக் முன் நின்று வாயைத் திறந்தார்.

"ஹிக்."

எல்லா ஒலிப்பெட்டிகளிலிருந்தும் விக்கல் வந்தது. டிரம்காரர் சிரித்தார். தண்ணீர் கொடுத்தோம்; மூச்சை அடக்கச் சொன்னோம்; டிரம்காரர் பின்னால் வந்து பயமுறுத்தினார். ஹிக். வாசலில் அழைப்புப் பெற்ற கூட்டம் வரிசைகட்டி நின்றது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் லிப்ட் ஒன்று மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆரோ நினைக்கினம்," என்றார் அம்மா நிதானமாக. "ஆரெண்டு சரியாச் சொன்னால் நிண்டிடும். கேள் பிள்ளை."

"அம்மா, இவரை…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். இவரை உலகத்தில் பாதிப்பேர் நினைக்கிறார்கள் என்று நான் எப்படிச் சொல்ல? சத்தியம் செய்திருக்கிறேனே.

ஆங்கிலத்தில் கேட்டேன். பாடகர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கதிரையில் உட்கார்ந்து, பரீட்சை எழுதுபவர்போல யோசித்தார்.

"முதல் மனைவி. ஹிக். இரண்டாம் மனைவி. ஹிக். என் வக்கீல். ஹிக். என் நாய்."

"நாய் எண்டாலும் நினைக்கும்தான்," என்றார் அப்பா, நான் மொழிபெயர்த்ததும்.

ஹிக்.

பாடகர் ஓட்டைச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துக் கட்டினார். பிறகு, இளவயதில் சண்டைபிடித்துக் குழுவிலிருந்து துரத்திய பழைய பேஸ் கிட்டார்காரரின் பெயரைச் சொன்னார். டிரம்காரரின் சிரிப்பு நின்றது. விக்கலும் நின்றது.

"அந்த மனிசனுக்கு இப்பவே போன் எடுக்கச் சொல்லு," என்றார் அம்மா. "இல்லாட்டி திரும்பி வரும்."

எடுத்தார். கூட்டம் வெளியே நிற்க, பாடகர் கழிவறைப் பக்கம் நின்று வெகுநேரம் கதைத்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"உங்களை நினைத்துக்கொண்டிருந்தாராமா?" என்று கேட்டேன்.

"இல்லையாம். புல் வெட்டிக்கொண்டிருந்தானாம்."

இதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

கதவு திறந்தது. யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமல், வேலை முடிந்து ஒரு கிளாஸோடு கதைபேச ஐந்து மணிக்கு வந்திருந்த அழைப்புக் கூட்டம் மேடையைக் கண்டதும் அலறியது. "இவ்வளவு சத்தம் போடினம், பாட்டு அவ்வளவு மோசமா இருக்குமோ?" என்று அப்பா என் காதில் கத்தினார்.

மூன்றாவது பாட்டின் உச்சத்தில் பாடகரின் தோள் இலேசாக எழும்புவதைக் கண்டேன். ஒலிச் சோதனையில் ஒவ்வொரு விக்கலுக்கும் முன் அந்தத் தோள் அப்படித்தான் எழும்பியது. என் விரல் அவருடைய மைக்கின் ஒலியைச் சடாரென்று கீழே இழுத்தது. ஹிக் என்று அவர் வாய் மட்டும் அசைந்தது. பாரில் ஒரு கணம் குரல் இல்லை. மறுகணம் ஏற்றிவிட்டேன். வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பாடகர் தூணுக்குப் பக்கத்தால் எட்டி என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். முதலாளி அதைக் கண்டார்.

முடிந்ததும் அப்பா, அடுத்த மாதம் லவாலில் மாமா மகள் பெரியபிள்ளையானதற்கு எடுக்கும் சாமத்திய வீட்டில் வாசிக்க முடியுமா என்று குழுவின் மேலாளரிடம் என்னைக் கேட்கச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு நாள் இல்லை என்றார் மேலாளர்.

"எங்கடை ஆக்களும் இப்பிடித்தான் எடுப்புக் காட்டுவினம்," என்றார் அப்பா.

முதலாளி பாரின் சாவியை என் கையில் வைத்தார். "சத்தம் பிசகவில்லை. ஆனால் உன் அம்மா இனி மேடைப் பக்கம் போகக்கூடாது." யோசித்துவிட்டுச் சிரித்தார். "அந்த ரோல்ஸை என்னிடம் தரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சிச் செய்தியில் அந்த நாலு பேரும் பிரமாண்டமான அரங்கொன்றில் நின்றார்கள். அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"பாத்தியே? அண்டைக்கு நாங்கள் சாப்பாடு குடுத்தது. இப்ப முன்னுக்கு வந்திட்டினம்." கையைத் துடைத்துவிட்டு, "வயர் சுத்துறதெண்டால் வடிவாச் சுத்து," என்றார்.

திங்கட்கிழமை காலையில் லிப்ட் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, நான் வரவில்லை என்று நல்ல பிரெஞ்சில் சொன்னேன். பிறகு மெட்ரோ ஏறிப் போய், என் சாவியால் பாரைத் திறந்து, மேடைத் தூணை ஒட்டிக் கிடந்த பழைய வயர்களையெல்லாம் கழற்றி வடிவாகச் சுற்றத் தொடங்கினேன்.