திட்டினால் ஓடும் பிக்கப்

கண்டி மஹய்யாவையில் எங்கள் புஷ்பம் சின்னம்மாவைத் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒன்று நேற்றுப் பிறந்த பிள்ளை; மற்றது அதன் இரட்டை. கல்யாணம், சடங்கு, சாவு எதுவானாலும் கதிரையும் கூடாரமும் சின்னம்மாவிடமிருந்துதான் போகும். பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, கயிறு போட்டு இறுக்கி, அவர் வீட்டிலேயே இருக்கும் என்னையும் உதவிக்கு ஏற்றி, பிக்கப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவார்.

முதலில் ஓட்டியது அவர் இல்லை. பழனியாண்டி சித்தப்பா கட்டாருக்கு வேலைக்குப் போனபோது ஒரு டிரைவரை வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதர் மூன்று மாதத்தில் இரண்டு மதிலையும் ஒரு தபால் பெட்டியையும் இடித்தார்.

"இடிக்கிறதுதான் வேலைன்னா அத நானே செஞ்சுக்கிறேன்" என்று சொல்லிச் சின்னம்மா லைசன் எடுத்தார். ஒன்பது வருசமாக ஓட்டுகிறார். இதுவரை எதையும் இடிக்கவில்லை. டிரைவர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று நான் அடிக்கடி சொல்வேன்.

பிக்கப்புக்குச் சின்னம்மாவைவிட நாலு வயது குறைவு. பெட்ரோலில் ஓடும் பழைய ஜப்பான் வண்டி. ஒரு கதவு நீலம். மற்றக் கதவும் ஒரு காலத்தில் நீலம். நாற்பது வருசம் ஓடிய அந்த வண்டிக்கு, நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருசம்தான் நோய் வந்தது.

நோய் இதுதான். கண்டி டவுனுக்குள் எங்கே போனாலும் ஓடும். தூரமாகப் போனால், ஐந்தாறு மைல் கடந்ததும் மூச்சு வாங்கும், இருமும், நின்றுவிடும். சின்னம்மா இறங்கித் திட்டுவார். ஏறிச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிடும். பிறகு இன்னொரு ஐந்தாறு மைல்.

எங்கள் மெக்கானிக் வரதராசா பாஸ் யாழ்ப்பாணத்துக்காரர், கடையைக் கண்டியில் போட்டவர். அவர் கொயிலை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் பம்பைப் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருக்கும் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

"எனக்கு முன்னால நல்ல பிள்ளை மாதிரி ஓடுது அக்கா. உங்களோட மட்டும்தான் கோவம் போல."

"நான் திட்டுறேன், ஓடுது. நீங்க கழட்டுறீங்க, நிக்குது. இதுல யாரு மெக்கானிக்?" என்பார் சின்னம்மா.

திட்டுதான் மருந்து என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். அந்தத் திட்டு சாதாரணத் திட்டு இல்லை. "ஏண்டா, கல்யாண வீட்டுப் புரியாணி வாசம் வந்தா ஓடுற, ஏத்தத்தக் கண்டா முட்டு வலியா ஒனக்கு? ஒன் வயசுல நான் அஞ்சு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனேன்" என்று தொடங்கினால், பஸ்ஸை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஆனால் திட்டுக் கேட்ட வண்டி ஓடினாலும், காத்திருந்த கல்யாண வீட்டார் விடுவார்களா? இரண்டு இடத்தில் கதிரை வருவதற்கு முன்னே மாப்பிள்ளை வந்து நின்றார். பேர் கெட்டுப்போனது. கடைசியில் ஒரு புதன்கிழமை சின்னம்மா நாவலப்பிட்டி முத்துலிங்கத்துக்குப் போன் எடுத்தார். அவர் பழைய வண்டிகளை இரும்புக்கு வாங்குகிறவர்.

"சனிக்கெழம திகனையில ஒரு கல்யாணம். வழியில நிக்காமப் போயிட்டா நீங்க வர வேணாம். நின்னுச்சுன்னா ஞாயித்துக்கெழம வந்து கட்டி இழுத்துக்கிட்டுப் போங்க. இது என் வார்த்த."

போனை வைத்த பிறகு அவர் யாரையும் திட்டவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் திட்டவில்லை. பானையைப் போட்டு உடைத்தேன். "பரவால்ல, கூட்டித் தள்ளு" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. எப்படியாவது ஒரு திட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சனிக்கிழமை காலை ஒரு வேலை செய்தேன்.

பெட்ரோல் தாங்கியின் மூடிக்கு ஒரு பூட்டு உண்டு. வரிசைக் காலத்தில் யாரோ தாங்கியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு, மூடியையும் எடுத்துப் போய்விட்டார்கள். சின்னம்மா வெல்டிங் கடையில் கனத்த இரும்பு மூடி ஒன்று செய்வித்து, உள்ளே பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து, பூட்டும் போட்டார். "பெட்ரோல் மணங்கூட வெளிய வராது" என்று பெருமை வேறு. அதன் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் ஊக்கோடு தொங்கும். அவர் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது அந்தச் சாவியை எடுத்து, அதே அளவில் இருந்த அலுமாரிச் சாவியை மாட்டிவிட்டேன். அன்று விடியவே அடித்துவந்த பெட்ரோல் தாங்கி நிறைய இருந்தது. இந்தச் சாவி இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று நினைத்தேன்.

பத்தரைக்கு நூற்றைம்பது கதிரைகளோடு புறப்பட்டோம். தென்னக்கும்புரப் பாலம் தாண்டினோம். சின்னம்மா ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரி ஓட்டினார். குண்டசாலையை நெருங்கும்போது வண்டி இருமியது. ஒரு தடவை குலுங்கியது. நின்றது.

சின்னம்மா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பிறகு இறங்கி, வழக்கம்போல் தாங்கிப் பக்கம் போனார். சாவி நுழையவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார். அப்போதுதான் வாய் திறந்தது. பூட்டில் தொடங்கி, வெல்டிங் கடைக்காரர், ஜப்பான்காரர், சித்தப்பா எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி முனகியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திட்டினார், மறுபடியும் திருப்பினார். பிடிக்கவில்லை.

திட்டு பலிக்காமல் போனது அன்றுதான்.

போன் அடித்தது. கல்யாணப் பெண்ணின் உம்மா சகீனா.

"புஷ்பம், எங்க ஈக்கிறீங்க? மாப்புள ஊட்டாக்கள் ரெண்டு மணிக்கு வாராங்க. உக்காத்தி வைக்க ஒரு கதிர இல்ல."

"பக்கத்துலதான் இருக்கோம்" என்றார் சின்னம்மா. பக்கத்தில் ஒரு மாடு மட்டும் நின்றது.

போனில் கூப்பிட்ட வரதராசா பாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. முதல் முறையாக வண்டி அவர் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்து என்னைச் சாவி திருப்பச் சொன்னார்.

"நெருப்பு நீலமா அடிக்குது. அப்ப கரண்டில பிழையில்லை."

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டார். நான் திருப்பினேன். போத்தல் காய்ந்தபடியே இருந்தது.

"பெட்ரோல் ஒரு துளியும் வரேல்ல. பம்ப் போன மாசம் போட்டது. தாங்கியில கிடக்கோ?"

"காலையிலதான் வாய் வரைக்கும் அடிச்சேன் பாஸ்."

"எங்க, திறவுங்கோ பாப்பம்."

"சாவி உள்ள போக மாட்டேங்குது."

"அப்ப இரும்பு அறுக்கிற வாள் எடுத்து வந்துதான் பூட்டை அறுக்கோணும். போய் வர ஒரு மணித்தியாலம் செல்லும்." அவர் மோட்டார் சைக்கிள் பக்கம் நடந்தார்.

சின்னம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, பிக்கப்பை ஒரு பார்வை பார்த்தார். விற்ற பொருளைப் பார்க்கிற பார்வை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. செருப்புக்குள்ளிருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

"என்னடி இது?"

"தாங்கிச் சாவி. ஒங்க கழுத்துல இருக்கறது அலுமாரிச் சாவி."

பாஸ் திரும்பி வந்தார். சின்னம்மா சாவியை வாங்கி, பூட்டைத் திறந்து, மூடியைத் திருகினார். கழுத்து நெரிபட்டு விடுபட்டவன் மூச்சு இழுக்கிற மாதிரி, உஸ் என்று நீளமாக ஒரு சத்தம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மாடுகூடத் திரும்பியது.

பாஸ் கையை உயர்த்தினார். "ஒருத்தரும் அசையாதேங்கோ. பிள்ளை, நீ ஏறித் திருப்பு."

திருப்பினேன். போத்தலுக்குள் பெட்ரோல் சீறி அடித்தது.

"அக்கா, வண்டி நிண்டா நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"திட்டுவேன்."

"அதுக்கு முதல்?"

சின்னம்மா யோசித்தார். "எறங்கி மூடியத் தொறந்து, பெட்ரோல யாரும் உறிஞ்சிட்டானான்னு ஈர்க்குச்சி விட்டுப் பாப்பேன். அது எல்லாரும் பாக்கிறதுதானே."

வரதராசா பாஸ் மடியில் போத்தலை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு அடங்கச் சில நிமிசம் ஆனது. பிறகு சொன்னார்: பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பழைய மூடியில் அதற்கு ஒரு சின்ன ஓட்டை இருந்தது. சின்னம்மாவின் மூடியில் எறும்பு மூச்சுக்கூட நுழையாது. கொஞ்ச தூரம் போனதும் தாங்கி பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கட்டுகஸ்தோட்டைப் பாலம் அதற்குப் போதாத தூரம். மூடியைத் திறந்ததும் காற்றுப் போகும், வண்டி ஓடும், பேர் திட்டுக்குப் போகும்.

"கொயில் மாத்தினன், பம்ப் மாத்தினன். மூடியை ஒருநாளும் பாக்கேல்ல" என்றார். ரப்பரைப் பிய்த்து எறிந்து, கல்லின் மேல் மூடியைக் கவிழ்த்து, உளியால் நாலு தட்டுத் தட்டி ஒரு ஓட்டை போட்டார்.

ஒன்றரைக்குத் திகனையில் இருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது கடைசி வரிசையை விரித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குச் சகீனா எங்களையும் மற்றப் பெண்களோடு சஹனைச் சுற்றி உட்கார வைத்தார். ஒரே பெரிய தட்டு, ஆறு கை.

"சாவிய எதுக்குடி மாத்துன?" என்று சின்னம்மா மெதுவாகக் கேட்டார்.

"சும்மா."

"பானைய ஒடச்சதும் சும்மாதானா?"

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் பக்கத்தில் கிடந்த பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, பக்கத்திலிருந்த பெண்ணிடம் மிளகாய் ஊறுகாய் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முத்துலிங்கம் வந்துவிட்டார். தோளில் கயிறு, இழுக்க லொறி மஹய்யாவையிலேயே பிடிக்கலாம் என்று பஸ்ஸில் வந்திருந்தார்.

"நின்னுச்சா, நிக்கலையா?" என்றார்.

"நின்னுச்சு" என்றார் சின்னம்மா. "ஆனா நிப்பாட்டுனது மூடி."

"வார்த்த வார்த்ததான் தங்கச்சி. நான் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சின்னம்மா புறங்கையால் கன்னத்தைச் சொறிந்தார்.

"சரி. ஏறுங்க. தெல்தெனிய வரைக்கும் போயிட்டுத் திரும்புவோம். எந்த எடத்துல நிக்குதோ அங்கயே நீங்க கட்டிக்கங்க."

நான் நடுவில் உட்கார்ந்தேன். குண்டசாலை வந்தது, மூவரும் மூச்சு விடவில்லை, வண்டி விட்டது. திகனை போனது. தெல்தெனியவில் தேத்தண்ணி குடித்தோம். திரும்பி வரும்போது முத்துலிங்கம் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கிக் காலடியில் போட்டார். கண்டிக்குள் வந்து குட்ஷெட் பஸ் நிலையத்தில் நாவலப்பிட்டி பஸ் நிற்கிற இடத்தில் சின்னம்மா பிரேக் பிடித்தார். அன்றைக்கு வண்டி நின்றது அந்த ஒரு இடத்தில்தான்.

முத்துலிங்கம் இறங்கவில்லை. டேஷ்போர்டைத் தடவினார்.

"தை மாசம் எம் மகளுக்குக் கல்யாணம். எரநூறு கதிர வேணும். இது அவ்வளவு தூரம் வருமா?"

"ஒங்க ஊட்டுக்குப் போற ஏத்தம் எப்படி?" என்று கேட்டார் சின்னம்மா.